பன்னிரண்டாம் பக்கம்

டெல்லி நேதாஜி நகரில் ஒரு ஸ்கூட்டர் கராஜ்.
ஞாயிறு பத்து மணிக்கு வேதநாயகம் சார்
லாம்ப்ரெட்டாவை வெளியே தள்ளி நிறுத்திவிட்டு
உள்ளேயிருந்த இரும்பு பீரோவைத் திறப்பார்.
அவ்வளவுதான் எங்கள் நூலகம்.
வாரத்துக்கு நாலணா. தாமதமானால் இன்னொரு நாலணா.
அவர் தணிக்கைத் துறை; எதையும் மன்னித்ததில்லை.

புத்தகங்களில் பெட்ரோல் வாசம்.
இன்றைக்கும் பங்க்கில் வண்டி நின்றால்
பக்கத்தில் எங்கோ கொலை நடக்கப்போவதாகத் தோன்றும்.

பள்ளியில் இந்தி, இங்கிலீஷ்.
தமிழ், அம்மா பால் கணக்கு நோட்டின்
கடைசிப் பக்கங்களில் எழுதிக் காட்டியது.
அதனால் மெதுவாகத்தான் படிப்பேன்,
வரிக்கு அடியில் விரலை நகர்த்தி.
துப்பறிபவர் ஒரு மாடிப்படி ஏறி முடிக்க
எனக்கு ஒரு சாயங்காலம் ஆகும்.
கீழே கிரிக்கெட்டில் ஆள் குறைந்தால்
"ஏ படாக்கூ!" என்று கத்துவார்கள்.
வசைதான். ஆனால் அதற்குள் ஒரு 'படி'
எனக்கு மட்டும் கேட்டது.

ஒரு டிசம்பர். ரஜாய்க்குள் டார்ச்.
பன்னிரண்டாம் பக்கத்தின் ஓரத்தில், பென்சிலில்:
"கொன்றது டாக்டர்."

டாக்டர் அப்போதுதான் கதைக்குள் வந்து
ஈரக் குடையை மடக்கிக்கொண்டிருந்தார்.

அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.
அடுத்த புத்தகத்தில்: "கொன்றது மாமனார்."
அதற்கடுத்ததில்: "யாரும் கொல்லவில்லை, வீண் வேலை."
எப்போதும் பன்னிரண்டு. எப்போதும் அதே சாய்ந்த கையெழுத்து,
றகரத்துக்கு மட்டும் அநாவசியமாக நீண்ட வால்.

சாரிடம் புகார் சொன்னேன். பேரேட்டைப் புரட்டினார்.
"எடுத்தவங்க இருபத்தாறு பேரு. யாரைன்னு கேக்க?"
அப்புறம் ஒரு ரப்பர் கொடுத்தார்.
காசு வாங்கவில்லை.

நான் அழிக்கவில்லை. கீழே எழுதினேன்:
"இனிமேல் சொல்லாதே. நான் மெதுவாகப் படிக்கிரவள்."

மாதங்கள் கழித்து அதே புத்தகத்தை மறுபடி எடுத்தபோது
என் ரகரத்தை அடித்து, மேலே
வால் வைத்த ஒரு றகரம்.
வேறு பதில் இல்லை.

ஆனால் கூலருக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கிய வாரம்
புதிதாக வந்த ஒன்றில்: "சமையல்காரன்."
விதியே என்று படித்தேன்.
நூற்றெண்பது பக்கமும் அவன் கரண்டியையே பார்த்தபடி.
அவன் காப்பி ஆற்றினால் எனக்கு வியர்க்கும்.
கடைசியில் பாவம், அவன்
எல்லோருக்கும் ரசம் வைத்ததைத் தவிர ஒன்றும் செய்யவில்லை.
முற்றும் என்பதற்குக் கீழே: "ஏமாந்தாயா?"

அவ்வளவு சந்தோஷமாக
என்னை அதற்குப் பிறகு யாரும் ஏமாற்றவில்லை.
ஏமாற்றினார்கள், அது வேறு.

ஞாயிறுகளில் வரிசையில் நின்று கைகளைப் பார்ப்பேன்.
டைப்பிஸ்ட் மரகதவல்லி அக்காவா?
எதற்கும் சிரிக்காத வானிலை ஆபீஸ்காரரா?
வேதநாயகம் சாரேதானோ என்றுகூட
ஒருமுறை. ரசீதில் அவர் றகரம் குட்டையாக இருந்தது.

அப்பாவுக்கு நாக்பூர் மாற்றல்.
கடைசி வாரம், திருப்ப வேண்டிய புத்தகத்தில்,
பன்னிரண்டில், என் பெயரையும் விலாசத்தையும் எழுதினேன்.
நாக்பூர் விலாசம் அப்போது எங்களுக்கே தெரியாது.
எஃப் 214, மூன்றாம் மாடி என்றே போட்டேன்.
பத்து வயதில் அது சரியாகத்தான் பட்டது.

போன வருடம் அந்தப் பக்கம் போனேன்.
குவார்ட்டர்ஸ் இல்லை. நீலத் தகர வேலி,
உள்ளே பள்ளம், கிரேன், மஞ்சள் தொப்பி.
பீரோவிலிருந்தவை எந்த ரத்தி கடையில்
எத்தனை கிலோ நின்றனவோ.

அந்தப் பக்கம் மட்டும் கிழியாமல் இருந்தால்
நாங்கள் இன்னும் மூன்றாம் மாடியில் இருக்கிறோம்.
லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு படியாக
ஏறித்தான் வர வேண்டும்.